முருங்கை சோப்பைப் பார்த்துக்கொள்ளும்

அந்த வீட்டுக்குள் காசு என்ற பெயரில் எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. முருங்கைக்காய் விற்றால் அக்கா, "சோப்பு வந்துருச்சு" என்பார். டீக்கடைக்கு முட்டை போனால் அது சீமெண்ணெய். தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தொட்டில் மெத்தையாக்கிச் சந்தையில் கொடுத்தால் அது தேங்காய் எண்ணெய். புளி சீசனில் கொட்டை எடுத்துக் கிடைக்கும் கூலி, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம். வீட்டில் இருந்த ஒவ்வொரு உயிருக்கும் பொருளுக்கும் அவர் ஒரு பொறுப்பு கொடுத்து வைத்திருந்தார்.

"முருங்கை சோப்பைப் பாத்துக்குது, கோழி சீமெண்ணெயைப் பாத்துக்குது, அவரு அரிசியைப் பாத்துக்கறாரு" என்று தன் வீட்டுக்காரரையும் அதே வரிசையில் சேர்த்துச் சொல்வார். வீட்டுக்காரர் சோற்றை மென்றபடியே ஆமாம் என்று தலையாட்டுவார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு முதல் அரசு வேலை கிடைத்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனபோது ஊரில் ஒருவரையும் தெரியாது. நான் மாயவரம் பக்கத்துக்காரன். தலைக்கு மேல் நிற்கிற சித்தேரி மலையும் காய்ந்த காற்றும் புதிது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்தான், டெய்லர் பாய் வீட்டில் முன்ரூம் வாடகைக்கு இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று கைகாட்டினார். பழைய ஓட்டு வீடு. தெருவைப் பார்த்தபடி ஒரு ரூம், உள்ளே இரண்டு ரூம், பின்னால் கிணறும் முருங்கையும். அந்த இரண்டு ரூமில் டெய்லர் பாயும், நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் மனைவியும், மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். தெருவைப் பார்த்த ரூமை எனக்குக் கொடுத்தார்கள். சாப்பாடு பஜார் மெஸ்ஸில்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லி. முக்காட்டை இடது தோளில் இறுக்கிச் செருகியிருப்பார், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று. வீட்டுக்குள் உருது, வெளியே வந்தால் தமிழ். என்னிடம் அவர் கேட்டது இரண்டே கேள்விதான். பீடி சிகரெட் உண்டா, பேப்பர் வாங்குவீர்களா. முதலாவதற்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஆமாம் என்றும் சொன்னேன். உடனே சாவியைக் கொடுத்துவிட்டார். பேப்பரை எதற்குக் கேட்டார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. நான் படித்துப் போடுகிற பேப்பரை மறுநாள் மூத்த பெண் வாங்கிப் போவாள். சத்தமாகப் படிப்பாள். அக்கா மைதாப் பசை காய்ச்சிக்கொண்டே கேட்பார். செய்தி முழுதும் கேட்டு முடிந்த பிறகுதான் அதைக் கிழித்து மளிகைக் கடைக்குக் கவர் ஒட்டுவார். ஒரு பக்கம் படிக்காமல் கவராகிவிட்டால் அவருக்கு அது நஷ்டம்.

அவரைக் கஞ்சம் என்று தெருவில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கஞ்சர்களுக்குக் கொடுக்கும்போது கை நடுங்கும். அக்காவுக்கு நடுங்காது. பக்கத்து வீட்டில் ஒரு கவுண்டரம்மா இருந்தார். வயல், மாடு எல்லாம் உள்ள குடும்பம். அவர் அடிக்கடி மோர் கொடுத்தனுப்புவார். மோர் வந்த சொம்பு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கொத்து முருங்கைக்கீரையாவது போகும். நோன்பு மாதத்தில் வீட்டு வாசலுக்கு வந்த ஒருவரையும் அவர் திருப்பியனுப்பி நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்கும் ஒருவர் பொறுப்பு. கோழிகளில் ஒரு கறுப்புப் பெட்டை இருந்தது. அதன் முட்டை சீமெண்ணெய்க் கணக்கில் சேராது. "அது தர்மத்துக்குன்னு உட்டதுங்க" என்பார்.

ஒரு கோடையில் தெருவுக்குக் கோழிச்சீக்கு வந்தது. காலையில் தூங்கி விழுந்துகொண்டிருந்த கோழிகள் சாயங்காலம் செத்துக் கிடந்தன. கறுப்புப் பெட்டையும் போய்விட்டது. மறுநாளிலிருந்து அக்கா வீட்டு ஸ்டவ் எரியவில்லை. சோறு அடுப்பில் விறகையும் புளி ஓட்டையும் எரித்துப் பொங்கிக்கொள்ளலாம். விடியற்காலை டீ மட்டும் ஸ்டவ்வில்தான் போடுவார்கள். அந்த டீ நின்றுபோனது. நான் மனசு கேட்காமல், ஒரு பாட்டில் சீமெண்ணெய் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க சார்" என்றார். "கோழி போயிருச்சுன்னா சீமெண்ணெயும் போயிருச்சுன்னுதான் அர்த்தம். அரிசிக் காசுல கைய வெச்சா, நாளைக்கு அரிசிக்கு எதுல கைய வெக்கறது?"

நான் தருவது அரிசிக் காசில்லையே என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதிகம் கஷ்டப்பட்டவர் டெய்லர் பாய்தான். காலையில் டீ இல்லாமல் அவர் முகம் சுருங்கிப்போய் இருந்தது. பஜாரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அலுவலகம் போகும் வழியில் பார்த்தேன். டீக்கடைப் பெஞ்சில், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டம்ளரோடு அப்படியே எழுந்து நின்றார். வீட்டில் சொல்லாதீர்கள் என்று வாயால் சொல்லாமல் கண்ணால் சொன்னார். நான் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது. இன்னொரு டெய்லரிடம் பேசி, சட்டைகளின் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் வேலையைக் கொண்டுவந்து, மறுபடி ஸ்டவ் எரிந்த அன்று முதல் டம்ளரை அவரிடம் நீட்டி, "கடை டீ மாதிரி இருக்காது, குடிங்க" என்றார். பாய் நிமிரவே இல்லை. மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிள்ளைகளும் அந்த வழக்கத்திலேயே வளர்ந்தார்கள். மூத்தவள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒகேனக்கல்லுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். அவள் அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. நேராக அம்மாவிடம் வந்து, "ஒகேனக்கல்ல யாரும்மா பாத்துக்குவாங்க?" என்றாள்.

அக்கா காஜா ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். முருங்கை முடியாது, அது பூத்து நிற்கிறது. கோழி இல்லை. புளி சீசன் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்கள். கிணற்றடி, விறகுக் குவியல், துணி மூட்டை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார்கள். கடைசியில் மூட்டைக்குள்ளிருந்து ரவிக்கைத் துணிகளின் ஓரக்கத்தரிப்புகளை அந்தப் பெண்தான் வெளியே எடுத்தாள். மெல்லிசான பட்டைகள், மெத்தைக்கும் ஆகாதவை. அதில் தலைக்குக் கட்டும் ரிப்பன் தைத்தார்கள். ஓரத்துக்கு வேறு நிறம் கொடுத்து மடித்துத் தைத்ததில் கடை ரிப்பனைவிட நன்றாகவே இருந்தது. வகுப்பில் பாதிப் பெண்கள் வாங்கிவிட்டார்கள். சுற்றுலா போன அன்று பஸ்ஸின் எல்லா ஜன்னல்களிலும் அக்கா வீட்டு ரிப்பன் ஆடிற்று. திரும்பி வந்தவள் வறுத்த மீன் ஒரு துண்டை இலையில் சுற்றி அம்மாவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அக்கா அதை ஐந்தாகப் பிய்த்தார். பிறகு என் ரூமைப் பார்த்துவிட்டு ஆறாகப் பிய்த்தார்.

அந்த வீடு அவர்களுடைய சொந்த வீடு என்றுதான் நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொந்தம் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாதம் பிறந்ததும் தபாலாபீசுக்குப் போய்ச் சேலத்துக்கு மணியார்டர் கட்டுவார். தாயாருக்கோ யாருக்கோ அனுப்புகிறார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசலில் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தேன். குடையும் தோள்பையுமாக ஒரு பெரியவரும், அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட கனத்த ஆள் ஒருவரும் வந்து நின்றார்கள். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"இந்த வீட்டுல குடியிருக்கேன்."

"யாரு வூட்ல?"

டெய்லர் பாய் வீட்டில் என்றேன். "இது என்னோட வூடு" என்றார் அவர். மாதாமாதம் சேலத்துக்குப் போன மணியார்டர் வாடகைதான் என்று, பாதி முகம் சோப்பு நுரையோடு நின்ற எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா இரண்டு டம்ளர் தண்ணீரோடு வெளியே வந்தார். பெரியவர் தண்ணீரை வாங்கவில்லை. வாடகைக்கு விட்ட வீட்டை இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடுவதா, என் வீட்டை வைத்து நீங்கள் சம்பாதிக்கிறீர்களா, ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று தெருவே கேட்கிற மாதிரி பேசினார். பாய் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அக்காமேல் ஒரு கணம் கோபம் வந்தது. இரண்டு வருடம் என்னையும் அல்லவா ஏமாற்றியிருக்கிறார் என்று.

அவர் முடிக்கும்வரை அக்கா டம்ளர்களை நீட்டியபடியே நின்றார். பிறகு, "கேட்டா வேணாம்பீங்கன்னுதானுங்க கேக்கல" என்றார். "தப்புதானுங்க. உள்ள வந்து பாத்துட்டு மீதியத் திட்டுங்க."

உள்ளே கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னார். முந்தைய வருடம் ஆலங்கட்டி மழையில் கூரையின் ஒரு பக்கம் நொறுங்கிப்போயிருந்தது. அந்தப் பக்கம் முழுதும் புது ஓடு, சிவப்பாக. பின்பக்கம் கூட்டிப்போய்க் கிணற்றின் இடிந்த சுற்றுச்சுவரைக் கட்டியிருந்ததைக் காட்டினார். கரையான் அரித்த ஒரு கதவுக்கு நிலை மாற்றியிருந்ததைக் காட்டினார். வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்ததைச் சுவரே சொல்லிற்று.

"அந்த ரூமு சம்பாரிச்சத இந்த வூடே தின்னுக்குச்சுங்க. சார் குடுக்கற காசுல நாங்க ஒரு கட்டு கீரை வாங்குனதில்ல."

பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்ணீரை வாங்கிக் குடித்தார். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பு இருக்கும்போது என் வாடகை மட்டும் எதைப் பார்த்துக்கொள்கிறது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கூட வந்த கனத்த ஆள் அதுவரை சுவரைத் தட்டுவதும் தரையை மிதித்துப் பார்ப்பதுமாக இருந்தார். அவர் கம்பைநல்லூர்ப் புளி மண்டிக்காரர். பெரியவர் வீட்டை விற்கத்தான் அவரை அழைத்து வந்திருந்தார். மண்டிக்காரர் கையைத் தட்டிக்கொண்டு, "ரிப்பேரு ஒண்ணும் இல்லீங்க. பழைய வூடுன்னு ரோசன பண்ணிக்கிட்டிருந்தன். இப்படியே எடுத்துக்கறனுங்க" என்றார்.

அக்காவின் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். அவர் ஓடு ஓடாகச் சரிசெய்து வைத்த வீடு, சரியாக இருந்ததாலேயே விலைபோய்விட்டது. மூன்று மாதத்தில் காலி செய்துகொடுக்கச் சொல்லிவிட்டு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். பெரியவர் போகும்போது ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார்.

அன்று பகல் முழுதும் அக்கா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊசியில்லை, துணியில்லை, பசைக் கிண்ணமில்லை. அந்தக் கைகள் சும்மா மடியில் கிடந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பாய் அன்று கடைக்குப் போகவில்லை. அவரே ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் நான் எழுந்தபோது அக்கா வீட்டில் இல்லை. முதல் பஸ்ஸில் கம்பைநல்லூருக்குப் போயிருந்தார். தனியாக அவர் வெளியூர் போனதே அதுதான் முதல் தடவையாம். பாய் அன்று மெஷினில் உட்கார்ந்ததும் எழுந்ததுமாக இருந்தார் என்று ஜவுளிக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

அங்கே நடந்ததை அக்கா திரும்பி வந்து சொன்னார். மண்டிக்காரர் இந்த வீட்டில் புளி மூட்டைகளை அடுக்கிப் பூட்டிவிடலாம் என்றிருந்தார். அக்கா அவரிடம் வீட்டைக் கேட்கவில்லை. பூட்டிய வீட்டில் எலி சேரும், மழையில் ஈரம் இறங்கினால் புளி கறுத்துப்போகும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஒரு ஆள் போடுவேன் என்றாராம் அவர். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பீர்கள், நாங்கள் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறோம், பின்னால் இருக்கிற இரண்டு ரூமை எங்களுக்கு விடுங்கள் என்றிருக்கிறார் அக்கா. கொட்டை எடுக்கவும் மூட்டையை வேறெங்கும் தூக்கிப்போக வேண்டாம், தெருப் பெண்களை வைத்து அங்கேயே எடுத்துக்கொடுக்கிறேன், ஊரில் எல்லோருக்கும் கொடுக்கிற கூலியையே கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். மூட்டை குறைந்தால் என்ன செய்வது என்று மண்டிக்காரர் கேட்டாராம். "அந்த வூட்டக் காட்டுனன் இல்லீங்களா. அது கொறஞ்சா இருந்துச்சு?" என்றாராம் அக்கா. மண்டிக்காரர், ஒரு வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. எனக்கு மாற்றல் வந்து நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். வாடகை இல்லாமல், வருடத்தில் நான்கைந்து மாதம் வீட்டுக்குள்ளேயே வேலையோடு. புளிக்கூலி கூடியதும் அது நோட்டுப் புத்தகத்தோடு நிற்காமல் மூத்த பெண்ணைத் தர்மபுரிக்கு டீச்சர் டிரெயினிங் அனுப்பிற்று.

ஆனால் அன்று கம்பைநல்லூரிலிருந்து வந்த சாயங்காலம் அக்கா என் ரூம் வாசலில் வந்து நின்றது எதற்கென்று எனக்கு உடனே புரியவில்லை. முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஆனால் என்னை நேராகப் பார்க்கவில்லை.

"சார், ஒங்க ரூமைக் குடுத்துட்டனுங்க" என்றார். "மூட்டை எறக்கறதுக்குத் தெருப்பக்கம் ரூமு வேணும்னாரு. இல்லைன்னா எதுவும் ஆவாதுன்னாரு. நான் சரின்னுட்டன்."

நான் பரவாயில்லை என்றேன். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் கண் ரூமை ஒருமுறை சுற்றி வந்தது.

"அப்பிடியெல்லாம் உட்ருவனுங்களா?" என்றார் அவர். "பக்கத்து வூட்ல ஒரு ரூமு சும்மா கெடக்குது. அந்தம்மா மகன் பெங்களூருக்குப் போனதுல இருந்து வைக்கோலப் போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க. பேசிட்டன்."

கவுண்டரம்மாவுக்கு ரூமை வாடகைக்கு விடுகிற யோசனையே அதுவரை வந்ததில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது தேவையும் இல்லை. சும்மா கிடக்கிற ரூம் ஒன்று பக்கத்திலேயே இருப்பதை அக்காவால் அத்தனை நாள் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பாயும் பிள்ளைகளும் வந்து வைக்கோலை அள்ளி, தரையைக் கழுவி, என் பெட்டியையும் படுக்கையையும் கொண்டுபோய் வைத்தார்கள். சுண்ணாம்பு அடிக்கிற செலவை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளும்படியும் அக்கா பேசி முடித்திருந்தார். அது எனக்கே பிறகுதான் தெரியும்.

குடிவந்த அன்று சாயங்காலம் வழக்கம்போல் பஜார் மெஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டினேன். கவுண்டரம்மா வந்து, எங்கே போறீங்க, சாப்பாடு இங்கதான் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பாட்டைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

"பாயம்மா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றார் அவர், இலையைப் போட்டுக்கொண்டே. "மாசத்துக்கு இவ்ளோன்னு வாங்கிக்கங்க, கூடக் கேக்காதீங்க, வேணாம்னும் சொல்லாதீங்கன்னாங்க. ரசத்துக்கு மொளகுதான் தட்டிப் போட்டிருக்கறன். ஒங்களுக்கு மொளகாக் காரம் ஆவாதாமே? மெஸ்ஸுல சாப்ட்டுட்டு வந்து தெனமும் கெணத்தடியில சொம்பு சொம்பா தண்ணி குடிச்சீங்களாம்."

அக்கா ஒருநாளும் என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் வீட்டில் ஐந்து பேருக்கு அளந்து வைத்த அரிசி. ஆறாவது ஆளுக்கு அதில் இடமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வருடம் நான் தண்ணீர் குடித்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ரசம் சுடச்சுட இருந்தது. நான் கையைக் குவித்து இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். பிறகு வெட்கத்தை விட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.